ஞாயிறு பின்னேரம் வலை பொத்துகிற நேரம்: புது வாரத்துக்கு ஜெபத்தோடு ஆயத்தமாவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் வயிற்றைப் பிசைகிறது என்று சொல்பவர்களை எனக்கு நிறையத் தெரியும். நானும் அப்படி இருந்தவள்தான். காலையில் ஆராதனையில் மனம் நிறையப் பாடிவிட்டு வருவேன். ஆறு மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டு, மகனின் வெள்ளைச் சேட் காயவில்லையே, மாமாவின் கிளினிக் கொப்பி எங்கே வைத்தேன், திங்கள் காலை கந்தோரில் கொடுக்கவேண்டிய கணக்கு முடியவில்லையே என்று ஒன்றன்மேல் ஒன்றாக யோசிப்பேன். இரவு பதினொரு மணிக்கும் கண் மூடாது. எனக்கு விசுவாசம் போதாது என்றுதான் அப்போது நினைத்தேன். ஆராதனையில் கேட்டதை அடுப்படிக்குக் கொண்டுவரத் தெரியவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

அதைச் சொல்லித் தந்தவர் மாமி. அவர் கத்தோலிக்கர், நான் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. அவருடைய தகப்பன் தொழிலுக்குப் போனவர். வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் வள்ளத்தைக் கரையில் மேலே இழுத்து வைத்துவிட்டு, மனிதர் நாள் முழுக்க வலை பொத்திக்கொண்டிருப்பாராம். இப்போதும் எங்கள் திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் காலையில் நடந்தால் அந்தக் காட்சியைக் காணலாம். வலையின் ஒரு ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியைக் கண்ணி கண்ணியாகக் கோர்த்து முடிச்சுப் போடுவார்கள். அவசரமே இருக்காது. நான் புலம்பிய ஒரு ஞாயிறு மாமி சொன்னார்: "பிள்ளை, நாளைக்கு என்ன மீன் படும் எண்டு அப்பா ஒருநாளும் யோசிச்சதில்லை. இண்டைக்கு எந்த இடத்தில வலை பிஞ்சிருக்கு எண்டுதான் பாப்பார். நீ மீனை யோசிச்சு யோசிச்சு வலையை விட்டிட்டாய்."

இயேசு கலிலேயாக் கடலோரம் நடந்தபோது செபெதேயுவின் பிள்ளைகளும் படகிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வேலையின் நடுவில்தான் அவர்களுக்கு அழைப்பு வந்தது.

வார ஆயத்தம் என்று நான் சொல்லப்போவது அவ்வளவுதான். கையால் அடைக்கக்கூடிய ஓட்டையை அடைப்பது. பிடிபடப்போகும் மீனை ஆண்டவரிடம் விடுவது. புதுக்குடித்தனம் வந்தவர்கள், மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கூடம் அனுப்புபவர்கள், விசுவாசத்துக்குள் அண்மையில் வந்தவர்கள், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், சுயாதீன சபையார் யாராக இருந்தாலும் செய்யலாம். தேவைப்படுவது வேதாகமம், நாற்பது தாள் கொப்பி ஒன்று, ஒரு பேனை.

சனிக்கிழமை: கைவேலை எல்லாம் இன்றைக்கு

ஞாயிறு மாலை அமைதியாக இருக்கவேண்டுமானால் சனிக்கிழமை காலையிலேயே தொடங்கவேண்டும். இது என் சொந்த யோசனை இல்லை. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்து ஜனங்களுக்கு மன்னா என்ற உணவு விழுகிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கவேண்டும். பேராசைப்பட்டு அடுத்த நாளுக்கு வைத்தால் புழுப்பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு சேர்க்கச் சொல்லப்பட்டது. சுடவேண்டியதைச் சுட்டு, வேகவைக்கவேண்டியதை வேகவைத்து எடுத்து வைத்தார்கள், அது கெடவில்லை. முன்கூட்டி ஆயத்தம் செய்வது அவநம்பிக்கை என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் இந்த அதிகாரத்தைத்தான் காட்டுவேன்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைக்கு மூன்று அலுவல்கள் மட்டும். துணி, அடுப்படி, கடுதாசி.

துணி என்றால் பள்ளிக்கூட வெள்ளை உடுப்பு முழுவதும் அயன் பண்ணி, ஐந்து நாளுக்குரியதையும் வரிசையாகத் தொங்கவிடுவது. சப்பாத்துக்கு வெள்ளை பூசி வெயிலில் வைப்பது. ஊருக்குப் புதியவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஐப்பசி பிறந்து தை வரைக்கும் இங்கே மழைக்காலம். கொழும்பிலும் மலையகத்திலும் மழை பெய்கிற நடுவாண்டு மாதங்களில் நமக்கு வெயில் கொளுத்தும். அங்கே ஓய்கிற நேரத்தில் வடகீழ்ப் பருவக்காற்று நம்மிடம் வரும். நவம்பர், டிசம்பரில் துவைத்தது இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அந்த மாதங்களில் வியாழன் பின்னேரமே துவைத்துவிடுங்கள். கரன்ட் இருக்கும்போதே அயனையும் முடியுங்கள். ஞாயிறு இரவு ஈரச் சேட்டை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பவளுக்குச் சங்கீதம் ஓடாது. அது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

அடுப்படியில் என் பெரிய துணை வறுத்த மா. அரிசிமாவைப் பெரிய தாச்சியில் போட்டு, அடி பிடிக்காமல் கிளறி, கோலம் போடும் பதத்தில் பொலபொலவென்று விழும்போது இறக்கி, ஆறவிட்டு அரித்து டப்பாவில் போட்டுவிட்டால் கிழமை முழுக்கப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கவலை இல்லை. சந்தையில் சூடையோ கும்பளாவோ மலிவாகக் கிடைத்தால் கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு, இரண்டு நாள் அளவில் பிரித்து வைப்பேன். மா வறுக்கிற அந்த அரை மணித்தியாலம் கை மட்டும்தான் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அப்போது ஒரு பாமாலைப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவேன். மாமி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பார். அவர் உதட்டில் "அருள் நிறைந்த மரியே" ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தாச்சிக்கு முன்னால் இரண்டு சபையும் இப்படிக் கூடும்.

கடுதாசிக்குப் பத்து நிமிடம் போதும். கரன்ட் பில், தண்ணீர் பில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கதவடியில் தொங்கவிடுங்கள்.

சனிக்கிழமை பொழுதுபட்டவுடன் நிறுத்திவிடுங்கள். முடியாதது முடியாததாகவே கிடக்கட்டும். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளையும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் எண்ணுகிறார்கள். வேதத்தில் நாள் தொடங்குவது இருட்டில். முதலில் மனிதன் தூங்குகிறான். விடிந்து எழும்பும்போது கடவுள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார். இதை விளங்கிக்கொண்ட நாள்முதல் சனி இரவு எனக்கு வேறுமாதிரி ஆகிவிட்டது.

ஞாயிறு பகல்: ஒரே ஒரு வரி

ஞாயிறு காலையில் பட்டியல், கணக்கு எதுவும் வேண்டாம். வாரத்தின் முதல் நாள் அது. இயேசு உயிர்த்தெழுந்த நாள். நம்முடைய நாட்காட்டிகளில் சில திங்களை முதலில் போட்டு ஞாயிறைக் கடைசியில் தள்ளுவதால், ஞாயிறு என்பது முடிகிற விடுமுறை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வாரம் ஓய்வோடும் ஆராதனையோடும் தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள், திங்களைப் பார்க்கிற கண்ணே மாறும்.

கோயிலுக்கோ ஆலயத்துக்கோ போகும்போது செய்யவேண்டியது ஒன்றுதான். பிரசங்கத்தில், வாசகத்தில், பாட்டில் உங்களைத் தொட்ட ஒரு வரியை ஒரு துண்டில் எழுதி வேதாகமத்துக்குள் வையுங்கள். முழுப் பிரசங்கத்தையும் குறிக்க வேண்டாம். ஒரு வரி. மாலையில் அதுதான் உங்கள் விளக்கு.

இன்னும் சபை ஒன்றில் சேராதவர்களுக்கு: புனித மரியாள் பேராலயம், மெதடிஸ்த ஆலயம், அங்கிலிக்க ஆலயம் எல்லாம் பட்டணத்துக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ்ப் பூசை, தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு என்று ஆலய வாசலில் கேட்டால் யாரும் சொல்வார்கள். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானது. சேசு சபைக் குருக்கள் தலைமுறை தலைமுறையாகப் பணி செய்த மண் இது. கீழே நான் சொல்லப்போகும் ஐந்து படிகள் அவர்களுடைய சபையை நிறுவிய இஞ்ஞாசியாரிடமிருந்து வருவதால் இதையும் சொன்னேன்.

ஞாயிறு மாலை: அந்த ஒரு மணித்தியாலம்

நேரத்தை மணிக்கூட்டைப் பார்த்து வைக்காதீர்கள், தவறிப்போகும். ஊரிலுள்ள ஒரு சத்தத்தோடு கட்டிவிடுங்கள். எங்கள் தெருவில் ஆறு மணியளவில் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கும். கொஞ்சம் முன்னே பின்னே கோயில் மணியும் கேட்கும். அயலவர் தங்கள் வணக்கத்துக்குத் திரும்புகிற அந்த வேளையில் நாங்களும் எங்கள் வேதாகமத்தை எடுப்போம். பல சமயத்தாரும் நெருங்கி வாழ்கிற ஊரில் இது ஒரு பாக்கியம் என்று நான் மனதார நம்புகிறேன்.

முதலில் போனை வேறு அறையில் வையுங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வைப்பது போதாது. கை தானாகப் போகும். ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் எதுவும் கேட்காமல், எதுவும் திட்டமிடாமல் இருங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிகக் கஷ்டமான இடம் இதுதான். மனம் சந்தைபோல இரையும். அப்போது எரிகோ வழியில் குருடன் பர்திமேயு கூப்பிட்ட வார்த்தையை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சை இழுக்கும்போது "இயேசுவே", விடும்போது "எனக்கு இரங்கும்". பதினைந்து இருபது தடவை மெதுவாகச் சொன்னால் தோள் தானாகத் தளர்வதை உணர்வீர்கள். மனம் எங்காவது ஓடிவிட்டால் கோபப்பட வேண்டாம், திரும்ப அந்த வார்த்தைக்கு வாருங்கள்.

பிறகு ஒரு சங்கீதம். வாய்விட்டு, கூட்டத்துக்கு வாசிப்பதுபோல இல்லாமல், ஒருவரோடு கதைப்பதுபோல வாசியுங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல் என்று இருப்பதும் இதுதான். மாமியின் பழைய செபப் புத்தகத்தில் 23ஆம் சங்கீதம் 22 என்று போட்டிருக்கும். எண்ணுகிற முறை பழைய லத்தீன் பதிப்பைப் பின்பற்றுவதால் வந்த வித்தியாசம். எண் ஒத்துவராவிட்டால் குழம்பாதீர்கள்.

அடுத்தது போன வாரத்தைத் திரும்பிப் பார்ப்பது. இஞ்ஞாசியாரின் ஐந்து படிகளை நான் என் பாஷையில் இப்படி வைத்திருக்கிறேன். நன்றி சொல்லு. வெளிச்சம் கேள். நாள் நாளாக நடந்ததைப் பார். மன்னிப்புக் கேள். இனி எப்படி நடப்பேன் என்று சொல்லு. முதல் படியில் நிறைய நேரம் நில்லுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று மொத்தமாகச் சொன்னால் மனம் அசையாது. "புதன்கிழமை பஸ் தவறினபோது பக்கத்து வீட்டு அண்ணன் ஏற்றிக்கொண்டு போனாரே, அதற்கு நன்றி" என்று சொல்லுங்கள். மூன்றாவது படியில் அழுகை வந்தால் வரட்டும். நான்காவதில் தங்கிவிடாதீர்கள். எங்கள் பெண்கள் பலபேர் மன்னிப்புக் கேட்கும் இடத்திலேயே அரை மணி இருந்து தங்களையே அடித்துக்கொள்கிறார்கள். கேட்டவுடன் எழும்பி ஐந்தாவதுக்குப் போகவேண்டும். மன்னிக்கிறவர் உண்மையாகவே மன்னிக்கிறவர்.

இப்போதுதான் கொப்பி.

கொப்பியின் இரண்டு பக்கம்

கொப்பியை விரித்தால் இடது பக்கமும் வலது பக்கமும் இருக்கும். இடது பக்கத்துக்கு மேலே "கை" என்று எழுதுங்கள். வலது பக்கத்துக்கு மேலே "ஒப்படை" என்று எழுதுங்கள். வரும் வாரத்தைப்பற்றி மனதில் கிடப்பதை எல்லாம், பெரிது சிறிது பாராமல், இரண்டில் ஒன்றில் போடவேண்டும்.

இடது பக்கத்தில் என் கையால் செய்யக்கூடியது மட்டும். "செவ்வாய்: மாமாவின் கிளினிக், காலை ஆறுக்கு ஓட்டோவுக்குச் சொல்லவேண்டும்." "வியாழன்: சீட்டுக் காசு." "கணக்கு அறிக்கையில் கடைசி இரண்டு பக்கம்." ஒவ்வொன்றும் ஒரு செயலாக இருக்கவேண்டும். "மாமாவின் சுகம்" என்று இடது பக்கத்தில் எழுதினால் அது பிழை. சுகம் என் கையில் இல்லை. ஓட்டோவுக்குச் சொல்வதுதான் என் கையில். சுகம் வலது பக்கத்துக்குப் போகவேண்டும்.

வலது பக்கத்தில் எழுதும் ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஜெபமாக எழுதுங்கள். "ஆண்டவரே, மாமாவின் இரத்த அழுத்தம் உம் கையில்." "மகளின் சிநேகிதி இரண்டு கிழமையாகக் கதைக்கவில்லையாம்; அந்தப் பிள்ளையின் மனதை உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்." எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, பேதுரு எழுதின வசனத்தைச் சொல்லுங்கள்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." கையை வைப்பது சடங்குக்காக இல்லை. சொல்லால் மட்டும் ஒப்புக்கொடுத்ததை மனம் ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும். உடம்பும் சேர்ந்து செய்தது கொஞ்சம் நிலைக்கும்.

எங்கள் வீட்டில் வலது பக்கம்தான் எப்போதும் நீளம். ஆரம்பத்தில் அது எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். திங்களுக்கென்று எத்தனை வீடுகளில் எத்தனை அலுவல் யோசித்து வைத்திருந்திருப்பார்கள். அதற்குப் பிறகு மாமி எந்தத் திட்டத்தைச் சொன்னாலும் "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சேர்க்காமல் விடுவதில்லை. யாக்கோபு நிருபத்திலுள்ள வார்த்தை அது. நானும் இடது பக்கத்தின் அடியில் அதை எழுதப் பழகிக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் முடிந்தால், திங்களுக்குரிய மூன்று காரியத்தை மட்டும் வட்டம் போடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். செவ்வாயின் மூன்றைத் திங்கள் இரவு பார்க்கலாம். மன்னா அன்றன்றைக்குத்தான் விழுந்தது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று சொன்னவர் நமக்கு ஒரு வாரத்துப் பாட்டையும் ஒரே இரவில் சுமக்கச் சொல்லவில்லை.

கடைசியாக, பக்கத்தின் ஓரத்தில் திங்கள் முதல் சனி வரை ஆறு பெயர். ஒரு நாளைக்கு ஒருவர். அன்றைக்கு அவருக்காக ஜெபிப்பது, முடிந்தால் ஒரு வார்த்தை கேட்பது. ஒரு பெயராவது உங்களோடு மனத்தாங்கல் உள்ளவராக இருக்கட்டும். அந்தப் பெயரை எழுதப் பேனை தயங்கும். தயங்கினாலும் எழுதுங்கள்.

பிள்ளைகளோடு

பிள்ளைகளை முழு ஒரு மணித்தியாலமும் இருத்தாதீர்கள். ஜெபம் என்றாலே சலிப்பு என்று பழகிவிடும். கடைசிப் பத்து நிமிடத்துக்குக் கூப்பிட்டால் போதும். இரண்டு கேள்வி: இந்தக் கிழமை எதற்கு ஆசையாகக் காத்திருக்கிறாய்? எதற்குப் பயப்படுகிறாய்?

சென்ற தவணையில் ஒரு நாள் மகன் வாயே திறக்கவில்லை. மெழுகுதிரியில் வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். நான் அவசரப்படுத்தப் பார்த்தேன். என் கணவர் கண்ணால் தடுத்தார். நீண்ட நேரத்துக்குப் பிறகு, "நாளைக்குச் சேர் எல்லாருக்கும் முன்னால வாசிக்கச் சொல்லுவார். எனக்குத் திக்கும்" என்றான். ஒரு தவணை முழுக்க அவன் திங்கட்கிழமைகளில் வயிற்றுக்குத்து என்று சொன்னதற்குக் காரணம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாமி அவனை மடியில் சாய்த்து, மோசேயும் தான் வாக்கு வல்லவன் அல்ல, திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று கடவுளிடமே சொன்னதைச் சொன்னார். "பிறகு?" என்று கேட்டான். "அனுப்பினார். துணைக்குத் தமையனையும் அனுப்பினார்" என்றார் மாமி. கணவர் அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரோடு கதைத்தார். அது இடது பக்கத்து வேலை. பிள்ளையின் பயம் வலது பக்கத்தில் எழுதப்பட்டது. அவனே எழுதினான்.

பிள்ளைகள் படுக்கப் போகுமுன் அவரவர் பையைக் கதவடியில் வைக்கவேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து நான்காம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லுவோம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." அதற்குப் பிறகு வீட்டில் யாரும் திங்களைப்பற்றிக் கதைப்பதில்லை. ஞாபகம் வந்தது ஏதும் இருந்தால் கொப்பியில் எழுதலாம், வாயால் சொல்லக்கூடாது. இந்த ஒரு சட்டத்தில் நாங்கள் கண்டிப்பு.

தனியாக இருப்பவர்களுக்கு

அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், தாதிமார் பலர் இந்த ஊரில் ஞாயிறு மாலையைத் தனியாகக் கழிக்கிறார்கள். வார இறுதிக்கு வீட்டுக்குப் போய் ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்புபவர்களும் உண்டு. பஸ்ஸில் இருந்தும் மூச்சு ஜெபத்தையும் நன்றி சொல்வதையும் செய்யலாம். கொப்பியைத் திங்கள் அதிகாலையில் பத்து நிமிடம் எழுதலாம்.

ஊரிலேயே இருந்தால், அறையின் நாலு சுவருக்குள் அடைந்து கிடக்காமல் டச்சுக் குடாக் கரைக்கோ உட்துறைமுக வீதிப் பக்கமோ ஐந்து மணிக்கு நடந்து வாருங்கள். கோட்டையடியில் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடாமல் நின்று மேயும். நாம் கிழக்குக் கரையில் இருப்பதால் சூரியன் முதுகுப்பக்கம் இறங்கும். முன்னாலுள்ள கடல் நீலம் மாறிச் சாம்பல் நிறத்துக்கு வரும் அந்தக் கால் மணித்தியாலம் அமைதியாக உட்கார ஏற்றது. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு 107ஆம் சங்கீதத்தின் 23ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கப்பலேறிப் போனவர்கள் புயலில் அகப்பட்டுத் தள்ளாடிக் கூப்பிடுகிறார்கள், அவர் கொந்தளிப்பை அமர்த்துகிறார், "தாங்கள் நாடின துறைமுகத்தில் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்." எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் ஒதுங்கிய இயற்கைத் துறைமுகத்துக்கு முன்னால் இருந்து இதை வாசிக்கக் கிடைப்பது எல்லா ஊராருக்கும் வாய்க்காது. பெண்கள் தனியாக என்றால் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இருந்து, நன்றாக இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

ஒழுங்கு குலையும்போது

குலையும். விருந்தாளி வருவார்கள், சாவீடு வரும், காய்ச்சல் வரும். விட்டுப்போன ஞாயிறை இரண்டு மடங்காக ஈடுசெய்ய முயல வேண்டாம். பத்து நிமிடம் இருந்தால் மூன்று மட்டும் செய்யுங்கள்: ஒரு நன்றி, வலது பக்கத்தில் ஒரு வரி, திங்களுக்கு ஒரு காரியம். ஐந்து நிமிடம்கூட இல்லையென்றால் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மெதுவாகச் சொல்லிவிட்டுப் படுங்கள். "அன்றன்றுள்ள அப்பம்" என்ற இடத்தில் ஒரு மூச்சு நில்லுங்கள்.

புதன்கிழமை இரவு கொப்பியை ஒருதடவை திறந்து பார்ப்பது நல்லது. இடது பக்கத்தில் முடிந்ததை வெட்டுங்கள். வலது பக்கத்திலிருந்து எதையாவது திருட்டுத்தனமாகத் திரும்ப எடுத்துச் சுமக்கிறேனா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இப்படியெல்லாம் செய்தும் பல கிழமைகளாக நித்திரை வராமல், நெஞ்சு படபடத்து, சாப்பாடு இறங்காமல், வாழ்வதே பாரமாக இருந்தால் அது ஜெபக்குறைவு இல்லை. மருத்துவரிடம் போங்கள். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்துக் கதையுங்கள். லூக்காவும் வைத்தியர்தான். மருந்து எடுப்பது இடது பக்கத்துக் காரியம். சுகம் வலது பக்கத்துக் காரியம்.

முதல் நான்கு ஞாயிறுகள்

முதல் ஞாயிறே எல்லாவற்றையும் செய்யாதீர்கள். முதலாவது ஞாயிறு மூச்சு ஜெபமும் 23ஆம் சங்கீதமும் மட்டும். இரண்டாவது ஞாயிறு 121ஆம் சங்கீதமும் ஐந்து படியும். மூன்றாவதில் கொப்பியைத் தொடங்குங்கள், 46ஆம் சங்கீதத்தோடு. நான்காவதில் ஆறு பெயர்களையும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சங்கீதம் 107. சனிக்கிழமைக் கைவேலையை மட்டும் முதல் கிழமையிலிருந்தே பழகுங்கள், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

முடிந்த கொப்பிகளை எறியாதீர்கள். மெதடிஸ்தர் எங்களுக்குப் புது வருடத்தின் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை உண்டு. ஜோன் வெஸ்லி 1755இல் ஆரம்பித்துவைத்தது. வேலைக்கு வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நான் உம்முடையவள் என்று சபையாக ஒப்புக்கொடுக்கும் நாள். அதற்கு முந்தின இரவு நான் அந்த வருடத்துக் கொப்பியின் வலது பக்கங்களை மட்டும் முதலிலிருந்து வாசிப்பேன். சிலவற்றுக்குப் பக்கத்தில் தேதி போடுவேன். சிலவற்றை அடுத்த கொப்பியின் முதல் பக்கத்துக்கு அப்படியே பெயர்த்து எழுதுவேன். போன தடவை மாமியும் பக்கத்தில் வந்து இருந்தார். கண் மங்கியதால் அவருக்கு வாசிக்க முடியாது; நான் ஒவ்வொரு வரியாக வாசிக்க, அவர் செபமாலையில் ஒவ்வொரு மணியாக உருட்டினார்.